மீன்வால் கோடும் எலி வருஷமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஹாங்காங்கில் ஷாம் ஷூய் போ பக்கம் வயதானவர்களிடம் பேசி ஆய்வுக்குக் குறிப்பு எடுக்கிறாய், முகச் சுருக்கத்துக்கும் மூப்புக்கும் அவர்கள் பேசும் கான்டனீஸ் சீனத்தில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். இங்கே மலேசியாவில் ஈப்போ பசாரில் வியாபாரம் செய்தே பேசக் கற்றவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொதுவாகச் சுருக்கம் என்றால் ‘ஜவ் மன்’. ‘மன்’ என்பது கோடு. அது பிடிபட்டால் மற்றவை தானாக வரும். சிரித்தால் கண்ணோரம் விரிவது ‘யூ மேய் மன்’, மீன்வால் கோடு. புருவங்களுக்கு நடுவே விழுவது ‘ச்யூன் ஜீ மன்’. ‘ச்யூன்’ என்றால் ஓடுகிற ஆறு, அதற்கான சீன எழுத்தே நெட்டுக்கு மூன்று கோடுதான், முகத்திலும் அப்படியே விழுகிறது. மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்குவது ‘ஃபாட் லிங் மன்’. ‘ஃபாட் லிங்’ என்றால் சட்டம், ஆணை. முகம் பார்த்துப் பலன் சொல்கிறவர்கள் அது ஆழமாக இருந்தால் அதிகாரம் உள்ளவர் என்பார்கள். அழகு நிலையத்தில் அதே கோட்டை அழிக்கக் காசு கேட்பார்கள்!

கண்ணுக்குக் கீழே தொங்கும் பை ‘ஙான் தோய்’. உன் வயதுக்காரர்கள் பலர் அங்கே ‘ங’வை விழுங்கி ‘ஆன்’ என்பார்கள். நீ பெரியவர்கள் மாதிரியே சொல்லு, நமக்குத்தான் ங இருக்கிறதே. தொனி ஆறு உண்டு, அதை எழுதிக் காட்ட முடியாது. போன் பண்ணு.

ஆனால் இந்தச் சொற்களெல்லாம் அவர்கள் சொன்னால் உனக்குப் புரிவதற்குத்தான். நீயாக யார் முகத்தையும் பார்த்துச் சொல்லிவிடாதே. பாட்டிகளை ‘போ போ’ என்றும் தாத்தாக்களை ‘பாக் பாக்’ என்றும் கூப்பிடு. ‘ஜொங் ஜே’, மூத்தோர் என்பது அரசாங்க நோட்டீஸில் வரும் சொல், எதிரில் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிட அது வேண்டாம். ‘லோவ் ஜோ லா’, வயசாகிப்போச்சு என்று அவர்களே சொல்வார்கள். மரியாதை என்று நினைத்துத் தலையாட்டாதே. ‘ஹோவ் ஜிங் சன்’, நல்ல தெம்பாக இருக்கிறீர்கள் என்று சொல். ‘ஹவ் சாங்’, இளமை என்றும் சொல்லலாம்தான். தொண்ணூறு வயதுக்காரரிடம் சொன்னால் ஐஸ் வைப்பது போலத் தோன்றும்.

அப்புறம், வயதை நேராகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் ‘சுக் மே ஆ?’ என்று கேள், எந்த விலங்கு வருஷம் என்று. பன்னிரண்டு வருஷத்துக்குப் பன்னிரண்டு விலங்கு, சுற்றிச் சுற்றி வரும். எலி என்றால் 1936 அல்லது 1948. ஆளைப் பார்த்தால் எதுவென்று ஓரளவு தெரியும். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ சீனப் புத்தாண்டுக்கு முன்னால் பிறந்தவர்கள் மட்டும் முந்தைய வருஷத்து விலங்கைச் சொல்வார்கள், அந்தப் புத்தாண்டு ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி இருபதுக்கும் நடுவில்தானே வரும். குறிப்பு எழுதும்போது அதைக் கவனித்துக்கொள்.

அம்மா