பாப்பாவுக்கு, டேஷ்போர்டு விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏசி பட்டன்களுக்குப் பின்னால் பல்பு போயிருக்கிறது, அவ்வளவுதான். பல்பு மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் இருக்கும் பேனலை உடைக்காமல் கழற்றுவதுதான் பாடு. போனில் சொன்னால் அம்மா நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவாள், அதனால் எழுதுகிறேன்.

உன் காருக்கு முப்பது வயது. இங்கே சிங்கப்பூரில் நிறையக் கார்கள் பத்து வருஷத்தில் சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கும் உரிமச் சான்று, முடிந்து ஸ்கிராப்புக்குப் போய்விடும். பிளாஸ்டிக் கிழடாகும்வரை வைத்திருக்கும் யோகம் நமக்கு இல்லை. வெயிலில் காய்ந்து காய்ந்து உன் கார் பிளாஸ்டிக் இப்போது அப்பளம் மாதிரி. வளையாது, நொறுங்கும். பெர்த்தில் இப்போது குளிர் வேறு. காலையில் ஆரம்பிக்காதே. மத்தியானம் வரை காரை வெயிலில் விட்டுவை. அப்படியும் விறைப்பாக இருந்தால் ஹேர் டிரையரால் விளிம்பைக் கொஞ்சம் சூடாக்கு, ஒரே இடத்தில் பிடிக்காமல்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடு. சில ரேடியோக்கள் அதன்பிறகு ரகசிய எண் கேட்கும், முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள். ஏர்பேக் இருக்கும் கார் என்றால் சில நிமிஷம் பொறு. மஞ்சள் நிறக் கனெக்டர் எதையும் தொடாதே.

2001இல் நம் பழைய காரில் ரேடியோ மாற்றினேனே, ஞாபகம் இருக்கிறதா? பிளாக் பக்கத்துக் கார்பார்க்கில், மூன்றாவது மாடியில். பின்சீட்டிலிருந்து நீதான் டார்ச் பிடித்தாய். தட்டை ஸ்குரூ டிரைவரை விளிம்பில் செருகி நெம்பினேன். ‘டக்’கென்று சத்தம். கிளிப் விட்டது என்று சந்தோஷப்பட்டேன். விட்டது கிளிப் இல்லை, கிளிப்பைத் தாங்கிய காது. ஆஷ்ட்ரேயை வெளியே இழுத்திருந்தால் அதன் பின்னால் ஒரு ஸ்குரூ இருந்தது தெரிந்திருக்கும். விளிம்பிலும் ஒரு பள்ளம். அதை மறைக்க நீ உன் பள்ளி நோட்டிலிருந்து நட்சத்திர ஸ்டிக்கரைப் பிய்த்து ஒட்டினாய். சின் மிங் பட்டறையில் காட்டியபோது அங்கிருந்த சீனக் கிழவர் பார்த்துச் சிரித்துவிட்டு, “பெலான் பெலான் லா” என்றார், மலாயில் ‘மெதுவாக, மெதுவாக’ என்று.

அதனால், பேனல் வரவில்லை என்றால் இன்னும் ஒரு ஸ்குரூ எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள். மீட்டருக்கு மேலே இருக்கும் உதட்டின் அடிப்பக்கம் குனிந்து பார். ஆஷ்ட்ரே பின்னால், சின்ன பிளாஸ்டிக் மூடிகளுக்கு அடியில், கையுறைப் பெட்டி ஓரத்தில் எல்லாம் தேடு. இன்னொன்று: ஜப்பான் கார் ஸ்குரூ பார்க்க பிலிப்ஸ் என்கிற சாதாரண கூட்டல் குறி ஸ்குரூ மாதிரியே இருக்கும், ஆனால் அது ஜேஐஎஸ், ஜப்பான்காரர்களின் தர அளவு. பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்; வீண் செலவு இல்லை.

நெம்புவதற்குப் பிளாஸ்டிக் கருவிதான். விற்கிறார்கள், மலிவுதான். பக்கத்துப் பகுதியில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, கிளிப் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் செருகி, நேராக உன் பக்கம் இழு. ஒரு முனையை மட்டும் தூக்கிக்கொண்டே போகாதே, நடுவில் பிளந்துவிடும். ஒரு கிளிப், அடுத்த கிளிப், அப்படியே சுற்றி வா. வெளியே வந்ததும் சட்டென்று இழுத்துவிடாதே, பின்னால் வயர் இருக்கும். கனெக்டரின் நாக்கை அழுத்திப் பிளக்கைப் பிடித்து எடு, வயரைப் பிடித்து இல்லை.

ஸ்குரூக்களை ஐஸ் டிரேயில் கழற்றிய வரிசையில் போட்டுவை. ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம். கிளிப் சில டேஷ்போர்டிலேயே தங்கிவிடும். அவற்றை எடுத்துப் பேனலில் மாட்டிவிட்டுத்தான் திரும்ப அழுத்த வேண்டும்.

பழைய பல்பைக் கழற்றியதும் படம் அனுப்பு, அதைப் பார்த்துவிட்டுப் புதியதை வாங்கலாம். சனிக்கிழமை மத்தியானம் வீட்டில்தான் இருப்பேன். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தானே, தயங்காமல் கூப்பிடு.

அப்பா