பந்து வந்து சேருமுன்

மஸ்கெலியா
ஜூலை, ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது, உடனே பதில் போடாததற்குக் கோபிக்காதே. இங்கே மழை விட்டபாடில்லை. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது, காற்றுக்கு மேல்லயத்தில் இரண்டு வீட்டுத் தகரம் கழன்றுவிட்டது, போன கிழமை மூன்று நாள் பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டவே முடியவில்லை. அம்மா நன்றாக இருக்கிறார், குளிருக்கு மூட்டுவலிதான் கூடிவிட்டது. உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார், வத்தளையிலும் மழையா என்றும் கேட்டார்.

சரி, உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். 13 வயது, உதைபந்தில் நடுவில் விளையாடுகிறான், பந்து காலுக்கு வந்தால் வந்த வழியே திருப்பிக் கொடுத்துவிடுகிறான், கோச் கோட்டருகில் நின்று ‘டர்ன், டர்ன்’, அதாவது பந்தோடு முன்னால் திரும்பு என்று கத்தக் கத்த அவன் இன்னும் ஒடுங்கிப்போகிறான் என்று எழுதியிருந்தாய். அவனுக்குத் துணிச்சல் இல்லை என்று நீ நினைக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. போன வருடம் முழுக்க எனக்கும் இதே தலைவலிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

நம் தோட்டத்து கிரவுண்ட் உனக்கு மறந்திருக்காது. கோயில் பக்கம் உயர்ந்து, மழைத்தண்ணீர் ஓடும் கான் பக்கம் சரிந்து, ஒரு ஓரம் முழுக்கத் தேயிலை. பந்து கானைத் தாண்டினால் எடுத்து வர ஐந்து நிமிடம். அங்கேதான் பழைய உரப்பைகளில் மண் நிரப்பி வரிசையாக வைத்து, பிள்ளைகளுக்குத் திரும்புவதைச் சொல்லிக்கொடுத்தேன். உள்காலால் வெட்டித் திரும்புவது, வெளிக்காலால் வெட்டுவது, உள்ளங்காலைப் பந்தின் மேல் வைத்துப் பின்னுக்கு இழுத்துத் திரும்புவது என்று ஒவ்வொன்றாக, மாதக்கணக்கில். குரைஃப் திரும்பலைப் போனில் பார்த்துவிட்டு அதையும் கேட்டார்கள். 1974 உலகக் கிண்ணத்தில் டோர்ட்மண்ட் நகரத்தில் சுவீடனுக்கு எதிராக நெதர்லாந்தின் யோஹான் குரைஃப் செய்தது, பின்னால் ஒட்டி நின்றவர் யான் ஒல்சன். குரைஃப் பந்தைத் தூக்கி அடிக்கப் போவதுபோல் உடம்பைக் காட்டினார், ஒல்சன் அதை நம்பி அந்தப் பக்கம் சாய்ந்தார், அடிக்க வேண்டிய கால் பந்தைத் தன் ஊன்றுகாலுக்குப் பின்னால் தட்டிவிட்டது, குரைஃப் மறுபக்கம் போய்விட்டார். அந்த ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். அதில் கற்றுக்கொள்ள வேண்டியது உடம்பு முதலில் சொல்லும் பொய். பொய் சொல்லாமல் வெறுமனே பந்தைப் பின்னுக்குத் தட்டினால் யாரும் ஏமாற மாட்டார்கள். நம் பிள்ளைகள் அதையும் பிடித்துக்கொண்டார்கள், உரப்பைக்கு முன்னால் அழகாகத்தான் செய்தார்கள்.

அப்புறம் நோர்வூட்டில் ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு பிள்ளைகூட ஒரு தடவையும் திரும்பவில்லை மச்சான். வாங்குவதும் பின்னால் கொடுப்பதும்தான். நானும் உன் கோச் மாதிரியே கத்தினேன், நம் காலத்தில் நமக்குக் கத்தினார்களே, அதே தொண்டையில். இடைவேளைக்குப் பிறகு தொண்டை அடைத்துப்போய் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். நம் அணியின் நடுவில் ஆடுகிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், சின்ன உருவம், நல்ல கால். அவளை மட்டும் கவனித்தேன். பந்து அவளிடம் வந்து சேருமுன் தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்க்கிறாளா என்று எண்ணினேன். இரண்டாம் பாதி முழுக்க ஒரே ஒரு தடவை. பின்னால் ஆள் நிற்கிறதா, வெறும் புல்லா என்று தெரியாத பிள்ளை எப்படித் திரும்பும்? தெரியாத பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெரிந்த பக்கத்துக்குக் கொடுக்கிறாள், அவ்வளவுதான். பயம் என்று நாம் சொல்வது பாதிக்கு மேல் இதுதான்.

பெரிய ஆட்டக்காரர்களைப் பார். பார்சிலோனாவில் ஆடிய ஸ்பெயின்காரர் சாவியின் பழைய வீடியோக்களைப் போட்டு, பந்தைப் பார்க்காமல் அவருடைய தலையை மட்டும் பார், ஓயாமல் இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்கும். நோர்வே நாட்டுப் பேராசிரியர் கெயர் யோர்டெட் இங்கிலாந்து பிரிமியர் லீக் ஆட்டக்காரர்களை வீடியோவில் ஒவ்வொருவராகக் கவனித்து, பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்கள் முன்னோக்கிக் கொடுக்கும் பாஸ்கள் அதிகம் சரியாகப் போய்ச் சேருகின்றன என்று காட்டியிருக்கிறார். இதை நான் முன்பே வாசித்திருந்தேன், ஆனால் நோர்வூட் கிரவுண்டில் வாய் மூடி உட்கார்ந்தபோதுதான் மண்டையில் ஏறியது.

அதற்குப் பிறகு உரப்பைகளைத் தூக்கி ஓரத்தில் போட்டேன். இப்போது செய்வது இதுதான்: பத்து அடி எடுத்து வைத்து ஒரு சதுரம், நான்கு பக்கமும் நான்கு பேர், நடுவில் ஒருவர். ஒருவரிடம் வாங்கி, திரும்பி, எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துப் பிள்ளை விரல்களைத் தூக்கிக் காட்டும், பந்து காலில் படுமுன் நடுவில் நிற்பவர் எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஒருவராலும் முடியவில்லை, எண்ணைச் சொன்னால் பந்து போகிறது, பந்தைப் பிடித்தால் எண் போகிறது. எப்போது பார்ப்பது என்பதில்தான் சிக்கல். பந்து காலுக்குக் கிட்ட வந்தபின் தலையைத் திருப்பினால் பந்து நழுவிவிடும். கொடுப்பவர் பந்தை அடிக்கத் தயாராகும்போது ஒரு பார்வை, அடித்த பந்து வழியில் உருளும்போது இன்னொரு பார்வை, பிறகு கண் பந்தில். நான் இதை எவ்வளவோ சுற்றி வளைத்து விளக்கிக்கொண்டிருந்தேன், நான் சொன்ன அந்தச் சின்னப் பிள்ளை, “அம்மா கொழுந்து எடுக்கிற மாதிரியா சேர்?” என்று கேட்டாள். கை இந்தக் கொழுந்தில் இருக்கும், கண் அதற்குள் அடுத்த செடிக்குப் போய்விடும் இல்லையா. நான் பிறந்ததிலிருந்து அதைப் பார்க்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்குப் பிறகு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கண்ணுக்கு அடுத்தது உடம்பு. கொடுப்பவரை நேராகப் பார்த்து மரம் மாதிரி நின்றால், பின்னால் வெறும் வெளி என்று தெரிந்தும் பயனில்லை. பக்கவாட்டில், பாதித் திறந்த கதவு போல நிற்கச் சொல்லு, ஒரு தோள் கொடுப்பவரைப் பார்த்து, மற்றத் தோள் போக வேண்டிய பக்கம் பார்த்து. பந்து முதலில் எட்டும் காலை விட்டுவிட்டு, உடம்புக்கு முன்னால் உருள விட்டு, அந்தப் பக்கத்துக் காலால் தொட்டால் அந்த ஒரு தொடுகையே திரும்பலாகிவிடும். இதற்கு எந்த வித்தையும் வேண்டாம். ஆட்டத்தில் நடக்கிற நல்ல திரும்பல்களில் பாதி இப்படித்தான், பார்ப்பவர்கள் அதைத் திரும்பல் என்று கவனிப்பதுகூட இல்லை.

பின்னால் ஆள் ஒட்டி நின்றால் கதை வேறு. அப்போது திறந்து நிற்கக்கூடாது, இடுப்பைத் தாழ்த்தி, கையைக் கொஞ்சம் விரித்து, அந்த ஆளுக்கும் பந்துக்கும் நடுவில் உடம்பைப் போட்டு, அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று முதுகால் தெரிந்துகொண்டு மறுபக்கம் வெட்ட வேண்டும், இங்கேதான் நான் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்த வித்தைகளுக்கு வேலை வருகிறது. வெட்டியதும் மூன்று நாலு அடி பாய்ந்து ஓட வேண்டும். திரும்பிவிட்டு நின்று ரசிக்கிற பொடியன்கள் என்னிடம் மூன்று பேர் இருக்கிறார்கள், ஏமாந்தவன் எழும்பி வந்து பந்தைப் பறித்துக்கொண்டு போகிறான்.

இன்னொன்று, பின்னால் கொடுப்பது குற்றமில்லை என்று உன் மகனுக்குச் சொல்லு. சொந்தக் கோலுக்கு முன்னால், முதுகில் ஆளோடு திரும்பப் போய்ப் பந்தை விட்டால் அது கோல்தான். பார்த்து, ஆள் இருக்கிறது என்று தெரிந்து திருப்பிக் கொடுத்தால் அது நல்ல பாஸ். பாராமல் கொடுப்பதுதான் பிழை. வெளியிலிருந்து ‘டர்ன்’ என்று கத்தும்போது நாம் அந்த முடிவைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறோம், அதனால் நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். பந்து கொடுக்கும் பிள்ளைதான் இப்போது சத்தம் போட வேண்டும், இரண்டே சொல்: ‘ஆள்’ அல்லது ‘திரும்பு’. போன மாதம் ஒரு நாள் மூடுபனி இறங்கி எதிர்க் கோல் கம்பமே மறைந்துபோனது. வீட்டுக்கு அனுப்பலாம் என்று பார்த்தேன், அவர்கள் கேட்கவில்லை. பனிக்குள்ளிருந்து ‘ஆள்! திரும்பு! திரும்பு!’ என்று குரல்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் குரல்கள் நகர்ந்த விதத்திலேயே பந்து முன்னால் போகிறது என்று விளங்கியது. அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை மச்சான்.

முழங்கால் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரப் புல்லில் பாதம் முழுவதையும் ஊன்றி, கால் மண்ணில் பிடித்திருக்க உடம்பை மட்டும் முறுக்கினால் முழங்கால் தாங்காது. பெண் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுகிற ஆபத்து பையன்களைவிடக் கூட. ஒரே அடியில் சுழலாமல், முழங்காலை மடக்கி, முன்பாதத்தில் குட்டிக் குட்டி அடிகளாக வைத்துத் திரும்பப் பழக்குகிறேன். ஃபிஃபா 11+ என்று ஒரு சூடேற்றும் பயிற்சி இருக்கிறது, 20 நிமிடம்தான், பந்தைத் தவிரப் பெரிதாக ஒரு சாமானும் வேண்டாம். உன் மகனின் கிளப்பில் செய்கிறார்களா என்று கேள். இல்லையென்றால் நீயே இணையத்தில் எடுத்து அவனோடு சேர்ந்து செய்.

வீட்டில் அவனுக்கு நீ செய்யக்கூடியது சின்ன வேலைதான். முற்றத்தில் சுவரைப் பார்த்து அவனைப் பந்து அடிக்கச் சொல்லு, நீ பின்னால் நில். சுவரில் பட்டுப் பந்து திரும்பி வருமுன் அவன் உன்னைப் பார்க்க வேண்டும். நீ கிட்ட நின்றால் சுவருக்கே திருப்பி அடிக்கட்டும், நீ எட்ட நின்றால் திரும்பட்டும். நீ நிற்கும் இடத்தைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டே இரு. வலது காலுக்கு எவ்வளவோ, இடது காலுக்கும் அவ்வளவு. ஒரு மாதம் போகட்டும், அதுவரை திரும்பினானா இல்லையா என்று கேட்காதே, எத்தனை தடவை பார்த்தான் என்று மட்டும் கேள்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வா. மழை கொஞ்சம் குறைந்திருக்கும். சரிவான கிரவுண்டில் பந்து அவன் நினைத்ததைவிட வேகமாகக் கான் பக்கம் ஓடும், முதல் இரண்டு நாள் கோபப்படுவான், பிறகு எங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். வரும்போது அவனுக்குச் சின்னதாகிப்போன பூட் ஏதாவது கிடந்தால் கொண்டு வா, அந்தச் சின்னப் பிள்ளை இன்னும் பள்ளிக்கூடச் சப்பாத்தோடுதான் விளையாடுகிறாள். 4ஆம் அளவுப் பந்து ஒன்று கிடைத்தாலும் நல்லது, இருந்த இரண்டில் ஒன்று போன கிழமை வெள்ளத்தில் கானோடு போய்விட்டது, கீழ்லயம் வரை தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை.

அன்புடன்,
உன் மச்சான்