ஹெட்லைட் வேர்ப்பது பற்றி சீனுவுக்கு

நாகர்கோவில்

அன்புள்ள சீனு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை, அடுத்த முறை எழுது.

உன் காரின் ஹெட்லைட்டுக்குள் ஈரம் படிகிறது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாய். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனியிலும் இங்கே ஹெட்லைட் வேர்க்கும், ஐப்பசியிலும் வேர்க்கும்.

முழு செட்டையும் மாற்றத்தான் வேண்டும் என்று சர்வீஸில் சொன்னதாக எழுதியிருந்தாய். அவசரப்படாதே. உள்ளே இருப்பது ஆவியா, தண்ணீரா என்று முதலில் பார். விளக்கு முகப்பின் உட்புறம் மெல்லிய படலமாகப் படிந்து, லைட்டைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டியதும் கலைகிறதென்றால் அது கோளாறே இல்லை. துளித்துளியாக வழிந்து அடியில் தேங்கி நின்றால்தான் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

ஹெட்லைட் என்பது காற்றுப் புகாத டப்பா என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சீல்டு பீம் என்ற பழைய மூடிய விளக்குகளின் காலத்தில் அது உண்மை. கண்ணாடி, வெளிச்சத்தை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டர், இழை எல்லாம் ஒரே உருப்படி. அமெரிக்காவில் 1940 முதல் 1983 வரை அதைத் தவிர வேறு எதையும் அனுமதிக்கவில்லை. இன்றைய விளக்கு அப்படியல்ல. முகப்பு பாலிகார்பனேட், பின்கூடு வேறொரு பிளாஸ்டிக், இரண்டையும் ஒட்டுவது ஒரு பசை. பின்னால் மூச்சுவிடச் சின்னத் துளைகளோ ரப்பர் குழாயோ வைத்திருப்பார்கள். சிலவற்றில் காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு இருக்கும்.

55 வாட் ஹாலஜன் எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடாகி, விரிந்து வெளியேறும். திடீரென்று மழை கொட்டி விளக்கு குளிர்ந்தால் உள்காற்று சுருங்கி, வெளிக்காற்றை இழுக்கும். மூச்சுத் துளை சேற்றாலோ சிலந்திக் கூட்டாலோ அடைபட்டிருந்தால், பசை விட்டுப்போன இடத்தின் வழியே மழைத்தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும். இது தெரியாமல் பட்டறையில் சுற்றிலும் சிலிகான் பசையை அப்பி எல்லாத் துளைகளையும் அடைத்துவிடுவார்கள். உள்ளே போன ஈரம் அப்புறம் வெளியேற வழியே இருக்காது.

உன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வேறு. தீபாவளிக்கு முன்னால் உன் பையன் எல்இடி பல்பு போட்டுக்கொடுத்தான் என்று அதே கடிதத்தில் பெருமையாக எழுதியிருக்கிறாய். வேர்வை தொடங்கியதும் அதற்குப் பிறகுதானே? அந்த பல்பின் பின்னால் சின்ன ஃபேனும் உலோகத் துண்டும் துருத்திக்கொண்டிருக்கும். பல சமயம் பழைய ரப்பர் மூடி அதன்மேல் ஒழுங்காக உட்காராது. போதாக்குறைக்கு ஹாலஜன் தன் சூட்டை முன்பக்கம் வீசி முகப்பைக் காயவைக்கும். எல்இடியின் சூடு பின்பக்கமாகவே போய்விடும். அதனால் ஈரம் உள்ளே வருவது எளிது, காய்வது கடினம். ஹாலஜனுக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடியைப் போட்டால் வெளிச்சம் கண்டபடி சிதறி எதிரே வருபவன் கண்ணைக் கூசவைக்கும், அது தனிக் கதை. பையனிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே.

பானெட்டைத் திறந்து அந்த மூடியை விரலால் சுற்றித் தடவிப் பார். வெடிப்போ நெகிழ்வோ இருந்தால் புது மூடி வாங்கு, முழு விளக்கோடு ஒப்பிட்டால் அற்பக் காசு. மூச்சுத் துளைகளைச் சுத்தம் செய். தண்ணீர் தேங்கியிருந்தால் விளக்கைக் கழற்றிக் கவிழ்த்து வடித்துவிட்டு, பல்பை எடுத்துவிட்டுத் தூசி படாத இடத்தில் இளவெயிலில் காயவை. துணியை உள்ளே விட்டு மட்டும் துடைத்துவிடாதே. ரிஃப்ளெக்டரில் இருப்பது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு, உரசினால் போயே போச்சு. தண்ணீர் நாள்கணக்கில் நின்றாலும் அது உரியும், அதனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

காய்ந்தபின் எல்லாவற்றையும் மூடிவிட்டு, மக்கில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு ஓரமாக ஊற்றிப் பார். எங்கே ஊற்றும்போது உள்ளே துளி தெரிகிறதோ அங்கேதான் ஒழுகல். அந்த இடத்துக்கு மட்டும் பசை போதும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது, அடியில் டிரில் போடுவது எல்லாம் வேண்டாம். பொட்டலம் ஈரத்தைக் குடித்து நிறைந்ததும் சும்மா கிடக்கும், துளை வழியே தூசிதான் குடியேறும். விளக்கை ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்கி முகப்பைப் பிரிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வீட்டில் முயற்சி செய்யாதே, பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

பழைய ஹாலஜனைத் திரும்பப் போடுவதானால் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடாதே. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் பல்பு சீக்கிரம் போய்விடும். வாட்டர் சர்வீஸ் விடும்போது தண்ணீர் பீய்ச்சும் குழாயை லைட்டுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டாம் என்று அங்கே வேலை செய்யும் பையன்களிடம் சொல்லிவை.

அம்மா உன்னை விசாரித்தாள். பொங்கலுக்கு வருவதானால் ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. காரில்தான் வருவேன் என்று அடம்பிடித்தால், இரவில் ஓட்டாதே.

அன்புடன்,
மணி