ஆறு பக்கத்தையும் மீட்டுக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள தெருவாசிகளுக்கு வணக்கம்.

போன வருஷப் பொதுக்குழுவில் நலச்சங்கத்துக்குச் செயலாளர் யார் என்ற கேள்வி வந்ததும், "அம்மாதான் டைப்பிஸ்ட் ஆச்சே" என்று யாரோ பின்வரிசையிலிருந்து சொல்ல, எல்லாரும் கை தட்டிவிட்டீர்கள். டைப்பிஸ்ட்தான், மறுக்கவில்லை. 1976இல் தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை பாஸ் செய்தவள். ஆனால் நான் அடித்ததெல்லாம் மெஷினில். வேலையின் கடைசி வருஷங்களில் மேசைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் தள்ளிவிட்டுத் தப்பித்து, 2012இல் ஓய்வும் பெற்றுவிட்டேன். இந்த உண்மையைக் கூட்டத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஆண்டறிக்கை இன்று உங்கள் கையில் இருக்கிறது என்றால் அதற்கு நான் மட்டும் காரணமில்லை. முதல் நன்றி மூன்றாம் வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்கு.

என் விரல்கள் தமிழ் டைப்ரைட்டரின் முதல் பாடமான "யளனகபக"வில் பழகியவை. கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கப் புதிதாக ஒன்றைப் படிக்க வேண்டுமோ என்று பயந்திருந்தேன். அவள் வந்து, தமிழ் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருளைப் போட்டு, அதில் பழைய டைப்ரைட்டர் முறையைத் தேர்ந்தெடுத்து, "அடிங்க பாட்டி" என்றாள். அடித்தேன். கொம்பை முன்னால் போட்டு எழுத்தைப் பின்னால் போடும் அதே வழக்கம். நாற்பது வருஷத்துப் பழைய சிநேகிதியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி இருந்தது. (அவள் தமிழ்99 என்ற வேறு விசைப்பலகை முறையில் அடிப்பவள். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது. பொறாமையாகத்தான் இருந்தது, ஆனால் இனி என் விரல் மாறாது.)

அறிக்கை ஆறு பக்கம் வந்திருந்த ஒரு மத்தியானம், ஷிப்ட்டை அழுத்தப் போன சுண்டுவிரல் அதற்குக் கீழே இருக்கும் கண்ட்ரோலில் விழுந்தது. கூடவே ஏ. இரண்டும் சேர்ந்தால் எழுதியது மொத்தத்தையும் தேர்ந்தெடுத்துவிடுமாம். பக்கம் முழுக்க நீலமாக மாறியதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் என் கண் கையெழுத்துப் பிரதியில் இருந்தது. இன்ஸ்டிட்யூட்டில் அப்படித்தான் பழக்கினார்கள். அடுத்த எழுத்தைத் தட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைத் தாளில் ஒரே ஒரு "ன". தண்ணீர்க் கணக்கு, தெருவிளக்கு மனு, சந்தா பாக்கிப் பட்டியல், எல்லாம் போச்சு.

நடுங்கிக்கொண்டே போன் செய்தேன். "எதையும் தொடாதீங்க பாட்டி. மூடிடாதீங்க, சேவும் பண்ணாதீங்க. கண்ட்ரோலை அழுத்திக்கிட்டே இசட்டை ஒரு தடவை தட்டுங்க." தட்டினேன். "ன" போய் ஆறு பக்கமும் வந்து நின்றது. நம்ப முடியாமல் மறுபடி பார்க்க ஆசைப்பட்டு, அவள் சொன்ன கண்ட்ரோல் ஒய்யையும் தட்டி, திரும்பவும் எல்லாவற்றையும் தொலைத்து, திரும்பவும் இசட் போட்டேன். மெஷின் காலத்தில் ஒரு எழுத்துப் பிழைக்கு நாலு கார்பன் பிரதியையும் தனித்தனியாக ரப்பர் வைத்து அழித்தவளுக்கு இந்தச் சாவியின் அருமை தெரியும். அன்றிலிருந்து ஒவ்வொரு பத்திக்கும் கண்ட்ரோல் எஸ் போட்டுச் சேமிப்பதையும் விட்டதில்லை.

முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பிக்கு அடுத்த நன்றி. பழைய எழுத்துரு ஒன்றில் அடித்த கடிதத்தைப் பென்டிரைவில் கொண்டுபோனேன். அவர் கம்ப்யூட்டரில் "அன்புடையீர்" ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. அந்த வகை எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்துவிடும் என்று விளக்கினார். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு முறையில் அடியுங்கள், கொண்டுவரும்போது பிடிஎஃப்பாகச் சேமியுங்கள் என்றார். அன்றைக்குக் கடையில் ஆறு பேர் நின்றார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை, அவர்களுக்கும் நன்றி.

வெட்டி ஒட்டும் வேலையைக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். கண்ட்ரோலோடு தட்டினால் வெட்டும் எக்ஸ், நகல் எடுக்கும் சி, ஒட்டும் வி மூன்றும் இசட்டுக்குப் பக்கத்திலேயே வரிசையாக இருப்பதைக் காட்டினார். இந்த வெட்டி ஒட்டும் முறையை 1970களில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர் என்ற அமெரிக்கர். வேலை பார்த்த இடம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம். 2020இல் காலமானார். இதை நான் சொன்னபோது, தான் கடை பெயர்ப் பலகையில் எழுதியிருப்பது வீண் போகவில்லை என்று தம்பி சிரித்தார்.

எதிர்வீட்டு பேங்க் சாருக்கு நன்றி சொல்ல ஒரு காரணம் போதும். ஒருநாள் திரை முழுக்கச் சிவப்பாகி, வைரஸ் என்று பெரிய எழுத்து, ஒரு போன் நம்பர், கூடவே சைரன் சத்தம். நம்பரைப் பாதி போட்டுவிட்டேன். சத்தம் கேட்டு வந்த சார் போனைப் பிடுங்கி வைத்தார். ஆனால் மௌஸைப் பிடுங்கவில்லை. "கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப், மூணையும் சேர்த்து அழுத்துங்க. வர்ற பட்டியல்ல பிரவுசரைத் தேடி, எண்ட் டாஸ்க் கொடுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சைரன் நின்றது. எந்தக் கம்பெனியும் திரையில் நம்பர் போட்டுக் கூப்பிடச் சொல்லாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். எழுந்து போகும்போது விண்டோஸ் சாவியோடு எல் தட்டிப் பூட்டும் பழக்கமும் அவர் கொடுத்ததுதான்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் விண்டோஸ் சாவியோடு வி தட்டுவதைக் காட்டினான். முதல் தடவை அதை இயக்கிவிட்டால் போதும், நகல் எடுத்ததில் கடைசி 25 வரை வரிசையாக வைத்துக்கொள்கிறது. சந்தா நினைவூட்டல் 38 வீட்டுக்கும் அதில்தான் போனது. கொஞ்சம் சத்தமாகவே கற்றுக்கொடுத்தான், பரவாயில்லை.

என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. மௌஸ் தட்டச்சு தெரியாதவர்களுக்கு; இந்தச் சாவிக் குறுக்குவழிகள் எல்லாம் கையைப் பலகையிலிருந்து எடுக்கக் கூடாது என்று திட்டு வாங்கிய எங்களுக்குத்தான். நீங்கள் யாரும் என் கையிலிருந்து வேலையைப் பிடுங்கி "நகருங்க, நானே பண்ணித் தர்றேன்" என்று சொல்லாததால்தான் அது எனக்குத் தெரியவந்தது.

குறித்துவைத்த சாவிகள் பதினொன்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறேன். வேண்டியவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்து வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் நான் கோயிலுக்குப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
செயலாளர்

நகல்:
1. மூன்றாம் வீட்டுப் பெண் (இசட்டுக்காக)
2. ஜெராக்ஸ் கடைத் தம்பி (பழைய பாக்கி பன்னிரண்டு ரூபாய் இத்துடன்)
3. பேங்க் சார்
4. ஆறாம் வகுப்பு, அவன் அம்மா வழியாக
5. அலுவலகக் கோப்பு (கார்பன் இல்லாமல்)