ஹாம் ஹாக்குக்கு உப்பு கடைசியில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல் ஃபுட்’ பற்றி வந்த கட்டுரை வரலாற்றை நன்றாகவே சொன்னது. சமையல் குறிப்பில்தான் கோட்டை விட்டுவிட்டது. புகையூட்டிய ஹாம் ஹாக், கொலார்ட் கீரை, இரண்டு ஸ்பூன் உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு ஆறு விசில் விட்டால், உப்புக் கரிக்கும் கூழ்தான் மிஞ்சும்.

ஹாம் ஹாக் என்பது பன்றிக்காலில் பாதத்துக்குச் சற்று மேலே உள்ள கணு. சதை கொஞ்சம்தான்; மீதி தோல், எலும்பு, ஜவ்வு. விலை மலிவாக இருப்பதும் அதனால்தான். உப்பில் ஊறிப் புகையில் காய்ந்து வரும் இதை, கருவாட்டுக் குழம்பில் கருவாட்டைப் போல நினைத்துக்கொள்ள வேண்டும். கருவாட்டைப் போடுமுன்பே யாராவது முழு உப்பையும் போடுவார்களா?

இரண்டு ஹாக்குக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், ஒரு வெங்காயம், கொஞ்சம் மிளகாய்; அதுவும் தூளாக அல்ல, ஒன்றிரண்டாக உடைத்த வற்றல். ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழும்பினால் போதும். தளதளவென்று கொதித்தால் சதை இறுகிச் சக்கையாகும், கொழுப்பு சாற்றோடு கலந்து கலங்கிவிடும். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நிதானமான சூட்டில்தான் ஜவ்வு கரைந்து பசையாகும். ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். சாற்றில் ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பாருங்கள், ஆட்டுக்கால் பாயா போல ஒட்ட வேண்டும். எலும்பிலிருந்து தோல் கழன்றதும் கீரை.

கொலார்ட் இலையில் மண் நிறைய ஒளிந்திருக்கும். மூன்று தண்ணீராவது மாற்றி அலசி, நடுநரம்பை உரித்து நறுக்கிய ஒரு கிலோ கீரைக்கு முக்கால் மணி நேரம். உப்பு பார்ப்பது இப்போதுதான். பல நேரம் தேவையே இருக்காது. அடுப்பை அணைத்தபின் ஒரு மேசைக்கரண்டி வினிகர். கட்டுரை வடித்துக் கொட்டச் சொன்ன அந்தச் சாறுதான் ‘பாட் லிக்கர்’. சோளரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். கொட்டினால் சத்தும் ருசியும் சேர்ந்தே போகும்.

ஆங்கிலப் புத்தாண்டுக்கு அவர்கள் சமைக்கும் காராமணிக்கும் இதே ஹாம் ஹாக் சாறுதான். வினிகரோ தக்காளியோ பயறு வெந்த பிறகே சேர வேண்டும். முன்பே விழுந்தால் எத்தனை நேரம் வெந்தாலும் நறுக்கென்றே நிற்கும்.

உப்பு கூடினால் ஒரு வேளைச் சாப்பாடுதான் கெடும். பன்றிக்குடல், அதாவது சிட்லின்ஸ் பற்றிய வரி அப்படி விடக்கூடியதல்ல. “பச்சையாகவே நன்றாகக் கழுவவும்” என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். பச்சைக் குடலில் யெர்சினியா என்ற பாக்டீரியா இருக்கலாம். ஃபிரிட்ஜ் குளிரிலும் அது பெருகும். 1988-89 குளிர்காலத்தில் அட்லாண்டாவில் கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு பரவியதற்குக் காரணம், வீட்டில் குடல் சுத்தம் செய்தவர்களின் கை வழியாக அது போனதுதான். முதலில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, பிறகு கொழுப்பையும் அழுக்கையும் உரித்தால் ஆபத்து பெரிதும் குறையும், ருசியும் கெடாது. சுத்தம் செய்பவர் அப்போது குழந்தையைத் தூக்கவோ பால் புட்டியைத் தொடவோ கூடாது. தொட்டி, பலகை, கத்தி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த வேலை.

இந்தத் திருத்தத்தையாவது அடுத்த இதழில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அட்லாண்டா