அண்ணாவுக்கு, 61 கிலோவைப் பற்றி

அன்புள்ள அண்ணா,

அம்மாவின் முதலாமாண்டுத் திதி முடிந்து மூன்று நாள்கள் ஆகின்றன. நீங்கள் ஏன் வரவில்லை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. சித்தி வீட்டாரும் இதைப் படிப்பார்கள். திதிப் படங்களைப் பார்த்துவிட்டு, "உன் கையும் தோளும் என்ன இப்படி ஆகிவிட்டன, இந்த வயதில் உனக்கு இது தேவையா?" என்று கேட்டிருந்தீர்கள். அதற்குத் தொலைபேசியில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மாசியில் ஜிம்மில் சேர்ந்த முதல் நாள் மாஸ்டர் எனக்கு எடை எதையும் கொடுக்கவில்லை. முழங்கால் உயரமுள்ள ஒரு பெஞ்சின் முன்னால் நிற்கவைத்து, கையூன்றாமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொன்னார். ஐந்தாவது முறை எழுந்தபோதுதான், அம்மாவால் செய்ய முடியாமல் போனது இதுவேதான் என்று உறைத்தது. மீதிப் பயிற்சியைச் செய்யாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கு அம்மா குளியலறைத் தரையில் பத்து நிமிடம்தான் இருந்தாள் என்று உங்களிடம் சொன்னேன். அது பொய், அண்ணா. ஒரு மணி இருபது நிமிடம் இருந்தாள். எலும்பு முறியவில்லை, தலையில் அடி இல்லை. முக்காலியிலிருந்து எழும்போது கால் தாங்காமல் மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவுதான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். இரண்டாம் முறை பாதி எழுந்தவளைப் பிடிக்க முடியாமல் விட்டுவிட்டேன். அவள் தோள் குழாயில் மோதியது. "விடு பாப்பா, உன் இடுப்பு போயிடும்" என்றாள். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறேன் என்றதும் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஈரப் பாவாடையோடு கிடக்கும் தன்னை ஓர் ஆண்பிள்ளை பார்ப்பதை அவளால் தாங்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். தரையில் வைத்தே துவட்டி, சேலையை எப்படியோ சுற்றிவிட்டு, மீண்டும் தூக்க முயன்று, தோற்று, அழுது, அதற்குப் பிறகுதான் அவனைக் கூப்பிட்டேன். அவளுடைய மானத்தைக் காத்தேன் என்று ஓராண்டாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரம் முழுவதும் குளிரில் அவளுடைய பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து நடக்கவே பயந்து படுத்தவள்தான். மருத்துவமனை விஷயத்தை இங்கே எழுத வேண்டாம்.

என்னை மன்னித்துவிடுங்கள். ஆனால் அன்று அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன் என்பதையும் நீங்கள் மறக்கக் கூடாது. ஞாயிறுதோறும் திரையில் தோன்றி, "அம்மாவை ஒரு வேலையும் செய்யவிடாதே, உட்காரவை" என்று சொன்னது யார்? நீங்கள் அனுப்பிய வைட்டமின் புட்டிகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. நானும் உங்கள் சொல்லைத் தட்டவில்லை. கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கினேன், மாடிப்படி ஏறவிடவில்லை, இரண்டு தெரு தள்ளியிருந்த கோயிலுக்கும் ஆட்டோ வைத்தேன். இரவுக்கு ரசம் சாதம் போதும் என்று அவள் சொன்னால் சரி என்றேன். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரைப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 61 கிலோ எடை இருந்த அம்மாவுக்கு ஏறக்குறைய 50 கிராம். அவள் சாப்பிட்ட இரண்டு இட்லியிலும் மோர் சாதத்திலும் அதில் பாதி கிடைத்திருந்தாலே அதிகம்.

1990இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பாஸ்டனில், பராமரிப்பு இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான 10 பேருக்கு 8 வாரம் கால்களுக்குக் கடுமையான எடைப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். முடித்த 9 பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருக்கிறது. தொடைத் தசையின் பரப்பே 9 சதவீதம் வளர்ந்திருக்கிறது. அம்மாவுக்கு 74 வயதுதான், அண்ணா. அவளை நாம் இருவரும் சேர்ந்துதான் உட்காரவைத்தோம்.

முதல் ஆறு வாரம் தூக்கும் எடை மட்டும் மளமளவென்று ஏறியது. உடம்பில் மாற்றமே தெரியவில்லை. இருக்கும் தசையை முழுதாக வேலை வாங்க நரம்புகள் முதலில் பழகுகின்றன, சதை பிறகுதான் வரும் என்று மாஸ்டர் சொன்னார். அது ஆவணியில் வந்தது. ரவிக்கைகளின் கை இறுகியபோது தையற்காரரிடம் பிரித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு, கூச்சமில்லாமல் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நீங்கள் ஒரே வரியில் கேலி செய்துவிட்டீர்கள்.

தரையில் கிடக்கும் எடையைக் குனிந்து பிடித்துத் தூக்கி நிமிரும் பயிற்சிக்கு டெட்லிஃப்ட் என்று பெயர். 20 கிலோ வெறும் ராடில் தொடங்கிய அந்தப் பயிற்சியில், புரட்டாசி இரண்டாம் வாரம் பிளேட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். சரியாக 61 வரவில்லை, 60தான் வந்தது. இரண்டு பக்கமும் அரைக் கிலோ பிளேட் தேடி வாங்கிப் போட்டுக்கொண்டேன். காரணம் கேட்ட மாஸ்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து முறை தூக்கினேன். ராடு காலோடு ஒட்டி நேராக ஏறும். நனைந்து துவண்ட உடம்பு அப்படி ஏறாது என்பது எனக்குத் தெரியும். இன்றைக்கும் தனியாக அவளைத் தூக்கியிருப்பேனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

உங்களுக்கு 55 ஆகிறது. நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை பார்க்கிறீர்கள். முழங்கால் வலிக்கிறது என்று அண்ணி சொன்னார்கள். இந்த ஞாயிறு பேசும்போது, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எனக்குக் காட்டுங்கள். நான் எண்ணுகிறேன்.

உங்கள் தங்கை