வரிக்குதிரைக்கு வரி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வரிக்குதிரையின் வரிகள் புல்லுக்குள் ஒளிந்துகொள்ளத்தான் என்று பேரனின் கொப்பியில் எழுதியிருக்கிறது. நானும் வகுப்பில் வருசக்கணக்காக அப்படித்தான் சொன்னேன், என்ன செய்வது! 2019இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பிரித்தானியாவில் வளர்ப்புக் குதிரைகளுக்கு வரிப்போர்வை போர்த்திப் பார்த்தார்கள். இரத்தம் குடிக்கும் ஈக்கள் வரிமேல் இறங்கத் தடுமாறின. மூடாத தலையில் வழக்கம்போல மொய்த்தன. நெடுந்தீவுக் குதிரைகள் வாலை விசுக்கி விசுக்கிப் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அப்புறம், குட்டி ஈன்ற தாய் கொஞ்ச நாள் மற்றவற்றை அண்டவிடாது. தன் வரியும் மணமும் குட்டிக்குப் பழகவேண்டுமே. ஒன்றின் வரிபோல் இன்னொன்றுக்கு இல்லை.

பேரனின் கொப்பியைத் திருத்திவிட்டேன்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
சுன்னாகம்.